பத்து வருஷம் ஆன சிஸ்டரை எது இருக்க வைக்கிறது

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: புது நர்ஸ் கிடைக்கிறார், பழைய நர்ஸ் தங்குவதில்லை. படித்து முடித்து வருகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. எட்டு வருஷம், பத்து வருஷம் வார்டில் நின்று பழகியவர்தான் ஒரு நாள் கடிதம் கொடுக்கிறார். காரணம் கேட்டால் 'குடும்பச் சூழ்நிலை' என்று இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லை அப்படியே நம்பி ஃபைலில் போட்டுவிடுவதுதான் முதல் தப்பு. குடும்பம் பத்து வருஷமாக இருந்ததுதானே. கடைசி ஆறு மாதத்தில் அவருக்கு ஆஸ்பத்திரியில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். அந்த ஆறு மாத டூட்டி சார்ட்டை எடுத்து வைத்து அவர் பெயருக்கு நேரே விரலை ஓட்டினாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

சம்பளம் குறைந்தால் போவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். அதைப் பின்னால் சொல்கிறேன். ஓரளவு நல்ல சம்பளம் கொடுக்கிற இடத்திலிருந்தும் போகிறார்கள் என்பதால், அதை மட்டும் வைத்துப் பேச முடியாது.

முதலில், போகிறவரோடு என்ன போகிறது என்பதைப் பார்த்துவிடலாம். மழை விட்ட ராத்திரி, வயக்காட்டிலிருந்து பாம்புக்கடி கேஸ் வருகிறது என்று வையுங்கள். காலில் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். புதிதாக வந்த நர்ஸ் கயிற்றை உடனே அவிழ்க்கப் போவார். பழகியவர் கையைப் பிடித்து நிறுத்துவார். முதலில் நரம்பில் மருந்து ஏற்ற ஐவி லைன், பக்கத்தில் விஷமுறிவு மருந்து, ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் எல்லாம் தயாராக வேண்டும். அதன் பிறகு டாக்டரை வைத்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்த வேண்டும். திடீரென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் ஒரே வேகத்தில் உடம்புக்குள் ஏறும்.

அடுத்தது, விஷத்தால் ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை. நரம்பிலிருந்து எடுத்த 2 மில்லி ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். எழுதிப் பார்த்தால் மூன்று வரி. ஆனால் கெடுவதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. சோப்புப் பொடியில் கழுவிய பழைய குழாயாக இருந்தால், உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் நிற்கும். தேவையில்லாமல் மருந்து ஏறும். பிளாஸ்டிக் குழாயிலும் அதே கதைதான். நடுவில் யாராவது தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டால் முதலிலிருந்து செய்ய வேண்டும். இதனாலேயே பழகிய சிஸ்டர் புதுக் குழாய்களைத் தனி டப்பாவில் போட்டு, 'கழுவாதே, தொடாதே' என்று எழுதி ஒட்டி வைத்திருப்பார். விஷமுறிவு மருந்துப் பொடியில் தண்ணீர் விட்டுக் கலக்கும்போது பாட்டிலைக் குலுக்க மாட்டார், உள்ளங்கையில் வைத்து உருட்டுவார், குலுக்கினால் நுரைத்துவிடும். முதலில் ஏற்ற வேண்டிய 10 பாட்டிலையும் கரைப்பதற்குள் பதற்றம் வரக்கூடாது. மருந்து ஏறத் தொடங்கியதும் முதல் பதினைந்து நிமிடம் கட்டிலை விட்டு நகர மாட்டார். தோலில் தடிப்பு, அரிப்பு, மூச்சு இழுப்பு, எது முதலில் தலைகாட்டினாலும் அவர் கண்ணில் படும்.

கட்டுவிரியன் கடி இன்னும் சூட்சுமமானது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலை வயிற்றுவலி என்று வருவார். கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இமை கனத்துக் கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டு, 'ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணுங்க' என்பார் சிஸ்டர். முதலில் 25 வரை எண்ணியவர் அரை மணியில் 15-ல் நின்றால் மூச்சுத் தசை சோர்கிறது என்று அர்த்தம். வென்டிலேட்டர் இருக்கும் இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போதே தொடங்க வேண்டும். இதெல்லாம் பாடத்திலும் இருக்கிறது. ஆனால் இரவு மூன்று மணிக்கு அது கைக்கு வருவதற்கு வருஷங்கள் ஆகும். இப்படி ஒருவர் போனால், அந்த இடத்தில் இரண்டு புது நர்ஸைப் போட்டாலும் கணக்கு நேராகாது.

இனி டூட்டி சார்ட். என்னைக் கேட்டால், பாதிப் பேரின் முடிவு இங்கேதான் எழுதப்படுகிறது.

30 படுக்கை வார்டு ஒன்று. காலை 4 பேர், மதியம் 3, இரவு 2 என்று ஒரு நாளைக்கு 9 பேர் தேவை. ஆகவே 9 பேரை எடுத்தால் போதும் என்று பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 9 × 365 = 3,285 டூட்டி. ஒரு நர்ஸுக்கு வார ஆஃப் 52, கேஷுவல் லீவு 12, ஈட்டிய விடுப்பு 15, பண்டிகை விடுமுறை 10 என்று கழித்தால் வேலை நாள் 276. வகுத்தால் 11.9, அதாவது 12 பேர். இந்திய நர்சிங் கவுன்சில், லீவில் போகிறவர்களுக்கு ஈடாக லீவு ரிசர்வ் 30 சதவீதம் வேண்டும் என்று சொல்வதும் இதே கணக்கில்தான் வந்து நிற்கிறது. நைட் முடித்து வருகிற தூக்க நாளையும் சேர்த்தால் 13. இந்த 13 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 9 பேரோ 10 பேரோ இருந்தால், குறைகிற டூட்டியை யார் பார்ப்பது? பழகியவர்தான். 'சிஸ்டர், நீங்க இருந்தா ஒரு கவலையும் இல்ல, இன்னைக்கு மட்டும் டபுள் பார்த்துடுங்க' என்று கேட்கிறார்கள். பாராட்டாகச் சொன்ன இந்தப் பேச்சை மாதம் நான்கு தடவை கேட்டால் அதுவே அவரை வெளியே தள்ளிவிடும்.

ஆஃப் எழுதுவதில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. அதை அநியாயம் என்றே சொல்வேன். செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு நைட் முடித்துப் போகிறவருக்குச் செவ்வாயையே ஆஃப் என்று எழுதி, புதன் காலை 7-க்கு டூட்டி போடுகிறார்கள். இடையில் இருப்பது 24 மணி நேரம். பகல் தூக்கத்திலும் பஸ்ஸிலும் போக மிச்சம் ஒரு சாயங்காலம்தான். செவ்வாய் தூக்க நாள், புதன் ஆஃப், வியாழன் காலை டூட்டி என்று எழுதினால் 48 மணி நேரம் கிடைக்கும். தாளில் ஒரே ஒரு கட்டத்தின் வித்தியாசம்தான். ஆனால் வீட்டில் பிள்ளைகளோடு முழுசாக ஒரு நாள் இருப்பதும் இல்லாததும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

மதியம் டூட்டி முடிந்த மறுநாளே காலை டூட்டி போடுவதும் இதே ரகம். இரவு 7-க்கு அடுத்தவரிடம் ஓவர் கொடுத்து (பொறுப்பை ஒப்படைத்து), 7.30-க்குப் பஸ் நிலையம் போய், புதுவயலோ பள்ளத்தூரோ கண்டனூரோ போகும் வண்டியைப் பிடித்து வீடு போய்ச் சேரும்போது மணி என்ன ஆகும்? மறுநாள் காலை 5-க்கு எழுந்து உலை வைத்தால்தான் 7-க்கு வார்டில் நிற்க முடியும். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். இரவு, மதியம், காலை என்று பின்னோக்கிச் சுற்றினால் தூக்கம் கெட்டுப்போகும். சார்ட் எழுதுகிறவர் மேஜையில் டவுன் பஸ் நேரமும் ஒட்டியிருக்க வேண்டும் என்று சொல்வேன். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தெரியாமல் டூட்டி நேரத்தை நிர்ணயிப்பது நியாயமில்லை.

சார்ட் எப்போது வெளிவருகிறது என்பதும் முக்கியம். அடுத்த மாதச் சார்ட் இந்த மாதம் 20-ம் தேதிக்குள் சுவரில் இருக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி வாட்ஸ்அப்பில் வருகிற சார்ட்டை வைத்து யாரும் பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கோ மாமியாரின் கண் ஆபரேஷனுக்கோ நாள் குறிக்க முடியாது. எங்கள் பக்கம் பிள்ளையார்பட்டி சதுர்த்தி, குன்றக்குடி பங்குனி உத்திரம், கொப்புடையம்மன் திருவிழா, பொங்கல் எல்லாம் வருஷா வருஷம் வருவதுதான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் புதுசாகச் சண்டை நடக்கும். பொங்கலை ஒட்டி சிராவயல் மஞ்சுவிரட்டு. மாடு குத்திய கேஸ் வரும் நாளில் கேஷுவாலிட்டியில் கைதேர்ந்தவர்கள் இருந்தே ஆக வேண்டும். அதற்காக ஒரே இரண்டு பேரை வருஷம் தவறாமல் நிறுத்தினால் அந்த இரண்டு பேரும் தங்க மாட்டார்கள். ஒரு நோட்டு போடுங்கள். எந்த விசேஷத்துக்கு யார் டூட்டி பார்த்தார் என்று வருஷவாரியாக எழுதுங்கள். போன தை பார்த்தவருக்கு இந்தத் தை ஆஃப். எல்லோரும் பார்க்கிற இடத்தில் அந்த நோட்டு இருந்தால் மனக்கசப்பு பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அடுத்தது, டூட்டி முடிந்தும் முடியாத அந்த நேரம். 1 மணிக்கு ஓவர் கொடுத்த நர்ஸ் 1.40 வரை வார்டில் நிற்கிறார். 40 நிமிடம், 25 நாள்: 1,000 நிமிடம், அதாவது 16 மணி 40 நிமிடம். மாதந்தோறும் ஆறு மணி நேரக் காலை டூட்டிகள் ஏறக்குறைய மூன்று சம்பளமில்லாமல் போகின்றன. அந்த 40 நிமிடம் எங்கே போகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தால், நோயாளிக்காகப் போனது கொஞ்சம்தான். டிஸ்சார்ஜ் ஆகிறவரின் மீந்த மருந்தை எண்ணி ஃபார்மசிக்குத் திருப்புவது, காப்பீட்டுத் திட்டத்துக்குக் கேஸ் ஷீட் நகல் எடுப்பது, பெட்ஷீட் எண்ணுவது, லேபுக்கு ஆள் இல்லாமல் தானே ரத்தக் குழாயைக் கொண்டு போவது. இதற்கெல்லாம் நர்ஸ் தேவையில்லை. வார்டுக்கு ஒரு கிளார்க், ஒரு உதவியாளர் போட்டால் போதும். அந்தச் சம்பளம் வீண் செலவு என்று நினைப்பவர்கள் புது நர்ஸுக்குப் பயிற்சி கொடுக்க ஆகும் செலவை எழுதிப் பார்க்கட்டும்.

எமர்ஜென்சி ட்ராலியையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அறுபது எழுபது சாமானை எண்ணிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. மாதம் ஒரு முறை முழுசாகச் சரிபார்த்து, காலாவதித் தேதி பார்த்து, எண் போட்ட பிளாஸ்டிக் பூட்டுப் போட்டுவிட வேண்டும். பிறகு ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பூட்டு எண் மாறவில்லையா என்று மட்டும் பார்த்தால் போதும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர், ஆக்சிஜன் அளவு, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு, சளி உறிஞ்சும் சக்ஷன் இந்த நான்கை மட்டும் தினமும் இயக்கிப் பார்க்க வேண்டும். பூட்டு உடைந்திருந்தால் அப்போது எண்ணலாம். பத்து நிமிட வேலை இரண்டு நிமிடமாகும்.

நர்ஸ் ஒருவருக்கு எத்தனை நோயாளி என்பது தங்குவதோடு நேராகத் தொடர்புடையது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை வைத்துச் செய்து 2002-ல் வெளியான லிண்டா ஐகன் குழுவின் ஆய்வில், நர்ஸ் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுவதாகத் தெரிந்தது. அதற்கு முன்பே, 1983-ல், அங்கே நர்ஸ் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்திலும் சில ஆஸ்பத்திரிகளை விட்டு மட்டும் ஆள் போகாமலிருப்பது ஏன் என்று 163 ஆஸ்பத்திரிகளை அலசினார்கள். 41 இடங்கள் தேறின. காந்தம் போல் பிடித்து வைக்கிற ஆஸ்பத்திரி என்பதால் மேக்னெட் என்றே பெயர் வைத்தார்கள். அங்கெல்லாம் பொதுவாக இருந்தவை: போதிய ஆட்கள், டூட்டி நேரத்தில் விட்டுக்கொடுக்கும் போக்கு, நர்ஸ் சொல்லுக்கு மரியாதை, வார்டுக்கு வந்து பார்க்கிற நர்சிங் தலைமை.

நர்ஸ் சொல்லுக்கு மரியாதை என்பது ராத்திரி 2 மணிக்குத் தெரியும். பிரஷர் சரியாக இருக்கிறது, நாடி சரி, ஆனால் ஆள் சரியில்லை என்று பழகிய நர்ஸுக்குப் படுகிறது. டாக்டருக்குப் போன் போடுகிறார். 'நம்பர் எல்லாம் நார்மல்தானே, எதுக்கு எழுப்புறீங்க' என்று எரிந்து விழுந்தால், அடுத்த தடவை அவர் போன் எடுக்க யோசிப்பார். இரண்டு மூன்று முறை நடந்தால் வேறு இடம் பார்ப்பார். இதற்கு ஒழுங்கு வகுத்துவிடலாம். போனில் சொல்ல வேண்டிய வரிசை நான்கு: யார், எதற்காகச் சேர்ந்தவர், இப்போது என்ன மாறியிருக்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். கடைசி வரியைச் சொல்லும் உரிமை நர்ஸுக்கு உண்டு என்று டாக்டர்களுக்குத் தலைமை மருத்துவரே சொல்லி வைக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன மருந்தை நர்ஸ் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டுவதும், டாக்டர் 24 மணி நேரத்துக்குள் கையெழுத்திடுவதும் கட்டாயம். காலையில் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்ற பேச்சு எழக்கூடாது.

தப்பு நடந்தால் என்ன செய்கிறார்கள் என்பதையும் பழைய நர்ஸ்கள் உற்றுப் பார்க்கிறார்கள். அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் சாதாரண உப்புநீர் ஆம்பூலும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில், மங்கலான வெளிச்சத்தில் இருக்கின்றன. கை மாறிவிட்டது. மெமோ நர்ஸுக்கு. டப்பா அதே இடத்தில். அடுத்த மாதம் இன்னொருவர் கை மாறும். பொட்டாசியத்தை வார்டு ஸ்டாக்கிலிருந்தே எடுத்து, தேவைப்படும்போது ஃபார்மசியிலிருந்து வரச் செய்வதுதான் இதற்குத் தீர்வு. அலமாரியைத் திருத்துகிற நிர்வாகத்திடம் நர்ஸ் உண்மையைச் சொல்வார். தண்டிக்கிற நிர்வாகத்திடம் மறைப்பார், பிறகு போய்விடுவார்.

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பழைய பெட்டியடிக் கதை தெரியும். பர்மாவிலும் மலேயாவிலும் நடந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாள் ஆவான், பிறகு மேலாள் ஆவான். ஒவ்வொரு படிக்கும் தனிப் பொறுப்பு, தனிச் சம்பளம். சேரும்போதே அடுத்த படி கண்ணுக்குத் தெரிந்தது. நம் தனியார் ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸுக்கு மேலே இன்சார்ஜ், அதற்கு மேலே சூப்பிரண்ட், அவ்வளவுதான். இன்சார்ஜ் இடம் ஒன்று. காத்திருப்பவர் எட்டுப் பேர். இன்சார்ஜ் ஆனாலோ கட்டிலை விட்டு மேஜைக்குப் போக வேண்டும். நோயாளியோடு இருப்பதையே விரும்புகிறவர் என்ன செய்வார்? கட்டில் பக்கத்திலேயே படி வேண்டும். மூன்று வருஷத்தில் சீனியர், ஆறு வருஷத்தில் ஒரு துறையில் தேர்ந்தவர் என்று பெயரும் படித்தொகையும் கொடுக்கலாம். காயம் கட்டுவதில் ஒருவர், டயாலிசிஸில் ஒருவர், பாம்புக்கடியில் ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்தால் மற்ற வார்டுகளும் அவரிடம் வந்து கேட்கும்.

புதுப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுப்பதும் ஒரு படிதான். ஆனால் இப்போது அது தண்டனையாக இருக்கிறது. ஆறு நோயாளியையும் பார்த்துக்கொண்டு புது நர்ஸையும் பார் என்கிறார்கள். முதல் ஆறு வாரமாவது பழக்குகிறவருக்கு நோயாளி எண்ணிக்கையை நான்காகக் குறைக்க வேண்டும், படித்தொகையும் தர வேண்டும். அதைச் செய்யாவிட்டால் புதியவரும் சரியாகப் படிய மாட்டார், பழையவரும் சலித்துப்போவார்.

சம்பளத்தில் கவனிக்க வேண்டியது இடைவெளி. வருஷத்துக்கு 500 ரூபாய் கூட்டினால் பத்து வருஷத்தில் 5,000. இதற்குள் புதிதாகச் சேருபவரின் தொடக்கச் சம்பளம் அதை எட்டிப் பிடித்துவிடும். பக்கத்தில் நிற்கிற புது நர்ஸின் சம்பளம் தெரிந்த அன்று மனசு விட்டுப்போகும். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் கீழுள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில்கூடக் குறைந்தது 20,000 ரூபாய், 200 படுக்கைக்கு மேல் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டமாகவில்லை. ஐந்து வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு என்பதால் அதற்கு முன்பே ஒரு மாத இடைவெளி விட்டு மறுபடி சேர்க்கிற பழக்கத்தையும், ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வதையும் உடனே விட வேண்டும். இப்படிப் பிடித்து வைத்தவர் மனசு என்றைக்கோ போயிருக்கும்.

உடம்பைக் காப்பதும் மரியாதைதான். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. மூன்றாவது போட்டு ஓரிரு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி 10 யூனிட்டுக்கு மேல் வந்ததா என்று பார்க்க வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி நர்ஸ் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டு மணி நேரத்துக்குள், எப்படிப் போனாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ராத்திரியில் அந்த மருந்துப் பீரோச் சாவி யாரிடம் என்று நைட் நர்ஸுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தியபோதே சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு விலகுகிற நர்ஸ்கள் இருக்கிறார்கள். காப்பகத்தின் அருமை அங்கே தெரியும்.

வெளிநாடு போகிறவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கடல் கடந்து சம்பாதிப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆனால் ஐந்து வருஷம் கழித்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் புது ஆளாகக் கீழ்ப்படியில் சேர்க்காமல், விட்ட அனுபவத்தையும் வெளியில் பெற்றதையும் கூட்டிச் சேர்த்தால் வருவார்கள்.

ஊரில் இருப்பதற்கென்று ஒரு பலமும் உண்டு. இங்கே பெரிய வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் ஆச்சிகள் அதிகம். சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் வந்து சேரும்போது, 'அந்தப் பழைய சிஸ்டர் டூட்டியில இருக்காகளா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று அந்தச் சிஸ்டருக்குத் தெரியும். மதுரையிலோ திருச்சியிலோ ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரியில் கிடைக்காத இந்த நெருக்கத்தைப் பல நர்ஸ்கள் விரும்புகிறார்கள். வார்டு விட்டு வார்டு தினமும் மாற்றிக்கொண்டிருந்தால் இது வளராது. ஒருவருக்கு ஒரு சொந்த வார்டு, அவசரத்துக்குப் போவதானால் பழகிய இன்னொரு வார்டு என்று இரண்டோடு நிறுத்த வேண்டும்.

போகிறவரிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்கும்போது காலம் கடந்திருக்கும். இருக்கிறவரிடம் வருஷத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். சூப்பிரண்ட் தன் அறைக்குக் கூப்பிடாமல் வார்டுக்குப் போய்க் கேட்பது நல்லது. போன மாதம் எந்த நாள் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது, அன்று என்ன நடந்தது என்று கேட்டால் நேரான பதில் வரும். சொன்னவற்றில் ஒன்றையாவது முப்பது நாளுக்குள் சரிசெய்து, செய்ததை அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லிவிடலாம். கேட்டுவிட்டு எதையும் செய்யாமல் விட்டால், அடுத்த வருஷம் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்' என்ற பதில்தான் வரும்.